பத்தாவது நாள் இருமல்

17

காலை ஐந்தரைக்கு மகள் ஜாஸ்லின் மறுபடி இருமினாள். அடுப்படியில் டீக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த ஞானகுமாரி, சர்க்கரை டப்பாவைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

மூன்று முறை. கொஞ்சம் இடைவெளி. மறுபடி இரண்டு.

இன்றோடு பத்து நாள். பொங்கலுக்கு மறுநாள் சளி பிடித்தது. சளி போய்விட்டது. ஜுரம் வரவே இல்லை. இருமல் மட்டும் கிளம்ப மனமில்லாத விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தது.

கணவர் அருள்தாஸ் இறந்து எட்டு மாதம் ஆகிறது. அடக்கத்தன்று ஞானகுமாரி அழவில்லை என்று அவருடைய தங்கை போன வாரம் வந்து தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசிவிட்டுப் போனாள். அது பொய்யில்லை. அன்றும் அழவில்லை, பிறகும் அழவில்லை. காலையில் எழுந்தாள், சமைத்தாள், பள்ளிக்கூடத்துக்கு ஆயா வேலைக்குப் போனாள், வந்தாள், படுத்தாள். கோயிலில் முழங்காலிட்டாலும் வாய்தான் ஜெபம் சொன்னது.

எல்.கே.ஜி. வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இருமுகின்றன. மூக்கைத் துடைத்துவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விடுவாள். அது அவளை ஒன்றும் செய்வதில்லை. இந்த வீட்டுக்குள் கேட்கிற இருமல் மட்டும் வேறு.

அருள்தாஸும் இப்படித்தான் இருமினார். தொழிற்சாலை ஊழியர்களை ஏற்றிப் போகிற பஸ்ஸுக்கு டிரைவர் அவர். முப்பது வருடம் பீடி. "பீடி இருமல்தான், விடு" என்பார். ஒருநாள் ஆவடி தாண்டியதும் பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டு ஸ்டியரிங் மேலேயே சாய்ந்துவிட்டார். அதன்பிறகு நாலே மாதம். நுரையீரல் கெட்டுவிட்டது என்றார்கள். அந்த நாலு மாதமும் நீல நிற இன்ஹேலர் பம்ப் ஒன்று அவர் தலையணைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதை இழுத்தால் சற்று நேரம் முகம் தெளியும்.

"ரெண்டு வருஷம் முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கணும்மா" என்று ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் சொன்னார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

ஞானகுமாரியின் மனதில் அது வேறு மாதிரி தங்கிவிட்டது. இரண்டு வருடம் முன்பே அந்த நீல பம்ப் கிடைத்திருந்தால் மனுஷன் இருந்திருப்பார்.

"அம்மா, தண்ணி கொதிக்குது பாரு" என்றபடி பெனிட்டோ உள்ளே வந்தான்.

மூத்தவன். இருபத்தெட்டு வயது. பட்டாபிராம் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் கவுன்டரில் நிற்கிறான். அப்பா போனபின் முன்பைவிடக் குறைவாகப் பேசுகிறான். சாப்பிடும்போதுகூட யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

"எடுத்தாந்தியா?" என்றாள் ஞானகுமாரி.

அவன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். "எடுத்தாந்தேன். ஆனா டாக்டர் கிட்ட ஒரு வாட்டி காட்டிட்டா..."

"குடு அவளுக்கு."

ஜாஸ்லின் குளித்து, தலை பின்னி, காக்கி பேன்ட்டும் முழுக்கைச் சட்டையும் போட்டுத் தயாராக வந்தாள். ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படித்த பெண். அவள் வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். அம்பத்தூர் எஸ்டேட்டில், எவர்சில்வர் டேங்க் செய்கிற ஒரு கம்பெனியிலிருந்து போன வாரம் அழைப்பு வந்ததிலிருந்து தூக்கத்திலும் வெல்டிங் பேச்சுதான். இன்று பத்து மணிக்கு டெஸ்ட். இரண்டு தகடுகளைக் கொடுப்பார்கள். ஆர்கான் வெல்டிங்கில் சேர்த்துக் காட்டவேண்டும். கோடு போட்ட மாதிரி வந்தால் வேலை.

பெனிட்டோ நீல பம்ப்பை மேஜைமேல் வைத்தான்.

ஜாஸ்லின் அதைப் பார்த்தாள். அப்பாவின் தலையணைப் பக்கம் கிடந்தது போலவே இருந்தது.

"எனக்கு இன்னா ஆஸ்துமாவா?"

"கடைக்கு வர்றவங்க பாதி பேர் இருமலுக்கு இதான் கேட்டு வாங்கினு போறாங்க" என்றான் பெனிட்டோ, மேஜையைப் பார்த்துக்கொண்டே. "ரெண்டு வாட்டி இழு. டெஸ்ட் முடியற வரைக்கும் அடங்கும்."

"மூச்சு நல்லாதான் கீது. தொண்டைதான் அரிக்குது."

"இழுடி" என்றாள் ஞானகுமாரி.

குரலில் கோபமில்லை, கெஞ்சலுமில்லை. ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்த ஜாஸ்லின் பம்ப்பைக் குலுக்கி, வாயில் வைத்து, இரண்டு முறை இழுத்தாள். அப்பாவுக்கு எத்தனை முறை பிடித்துவிட்டிருக்கிறாள். அதனால் யாரும் சொல்லித்தரத் தேவைப்படவில்லை.

*

ரயிலில் ஆவடி தாண்டும்போது இருமல் வந்தது. எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். ஜாஸ்லின் ஜன்னல் பக்கம் திரும்பி மறுபடி இரண்டு முறை இழுத்தாள்.

அம்பத்தூரில் இறங்கி ஷேர் ஆட்டோவில் போய்க்கொண்டிருக்கும்போது அம்மா போன் செய்தாள்.

"இருமல் எப்டி கீது?"

"அப்டியேதான் கீதும்மா."

"இன்னும் ரெண்டு இழு."

"நாலு ஆயிட்ச்சும்மா."

"உங்கப்பா எவ்ளோ இழுப்பாரு? ஒண்ணும் ஆவாது. இழு."

கம்பெனி கேட்டில் நின்று இழுத்தாள். ஆறு. ஐந்து நிமிடம் கழித்து இருமல் தன் பாட்டுக்கு வந்தது. பதற்றத்தில் இன்னும் இரண்டு. எட்டு.

பதினெட்டு பேர் வந்திருந்தார்கள். பெண்கள் மூன்று பேர். வேலை நாலே பேருக்கு. பெயர் கூப்பிடும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்வதை ஜாஸ்லின் கவனித்தாள். பயம் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் ஐ.டி.ஐ. பரீட்சையில்கூட இவளுக்குப் பயம் வந்ததில்லை.

"அ. ஜாஸ்லின்!"

பட்டறை ஃபோர்மேன் கோதண்டம் கூப்பிட்டார். ஐம்பது தாண்டியவர். குத்தம்பாக்கத்துக்காரர். வீட்டுக்கு இன்னும் நிலமும் இரண்டு மாடும் இருந்தாலும் முப்பது வருடமாக இந்தப் பட்டறைதான் அவருக்கு எல்லாம்.

"மூணு எம்.எம். தகடு. நிதானமா பண்ணுமா. டைம் கீது" என்றார்.

ஜாஸ்லின் கையுறை மாட்டினாள். முகமூடியை இறக்கினாள். வலது கையில் வெல்டிங் டார்ச், இடது கையில் உருக்கிச் சேர்க்கிற கம்பி. டார்ச்சின் ஊசிமுனை தகட்டைத் தொடக்கூடாது, விலகவும் கூடாது. ஒரு நெல்மணி அளவு இடைவெளி. அதை விடாமல் பிடித்துக்கொண்டு போவதுதான் இந்த வேலையே.

தீப்பொறி பிடித்தது. உலோகம் உருகிப் பளபளத்தது. கம்பியை உள்ளே விடப்போனாள்.

கை ஆடியது.

ஒரு மெல்லிய நடுக்கம், விரல் நுனியில். முழங்கையை மேஜையில் ஊன்றிப் பார்த்தாள். அப்போதும் நிற்கவில்லை. தன் கைதானா என்று சந்தேகம் வந்தது. ஊசிமுனை உருகிய உலோகத்தில் முங்கி ஒட்டிக்கொண்டது. எடுத்து, முனையைத் தீட்டி, மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி ஒட்டியது. மூன்றாவது முறை ஒரு விரற்கடை தூரம் போனது. அதற்குள் இருமல் வந்து டார்ச் விலகித் தகடு ஓட்டையானது.

முகமூடியைத் தூக்கினாள். கோதண்டம் தகட்டைப் பார்க்கவில்லை. அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாமா இப்டி ஆடுது? ராத்திரி தூங்கலியா?"

"தூங்கினேன் சார்."

கைக்குட்டை எடுக்க அவள் பேன்ட் பையில் கைவிட்டாள். கைக்குட்டையோடு நீல பம்ப்பும் வந்து சிமென்ட் தரையில் விழுந்து உருண்டது.

பக்கத்தில் நின்ற பையன்கள் பார்த்தார்கள். கோதண்டம் குனிந்து எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூச்சுத் தொந்தரவு கீதா உனக்கு?"

"இல்ல சார். இருமலுக்கு. அண்ணன் மெடிக்கல்ல வேல செய்யுது. அது குடுத்தது."

"இருமலுக்கா இதக் குடுப்பாங்க?" கோதண்டம் அவளைத் தள்ளி அழைத்துக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்தினார். "இத பாரு பொண்ணு. டேங்க்குக்குள்ள எறங்கி வெல்டிங் வெக்கற வேல இது. ஒருத்தன் ஆஸ்துமா இருக்கறத மறைச்சுட்டு சேந்தான். உள்ள மயங்கி உயுந்துட்டான். நான்தான் எறங்கித் தூக்கினேன். அதுலேர்ந்து இந்த பம்ப்ப பாத்தாலே நான் உள்ள உட மாட்டேன்."

"எனக்கு ஆஸ்துமா இல்ல சார்."

"நீ சொன்னா ஆச்சா? டாக்டர் சொல்லணும்."

ஜாஸ்லின் அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. கை மட்டும் தனியாக ஆடிக்கொண்டிருந்தது. அதை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள். அதுவும் ஆடியது.

கோதண்டம் ஓட்டை விழுந்த தகட்டை எடுத்துப் பார்த்தார். ஓட்டைக்கு முன்னால் ஒரு விரற்கடை நீளத்துக்கு வந்திருந்த வெல்டிங்கை நகத்தால் தடவினார். கை ஆடியும் அந்தக் கொஞ்ச தூரம் ஒழுங்காக இருந்தது.

"நாலு மணிக்கு லிஸ்ட் ஆபீஸ்க்கு போவும். அதுக்குள்ள டாக்டர்கிட்ட எழுதி வாங்கினு வா. இன்னொரு தகடு தர்றேன். அவ்ளோதான் என்னால முடியும்."

*

ஆவடி மார்க்கெட்டுக்குப் பின்னால் டாக்டர் ரேணுகாவின் கிளினிக்கில் மதியம் ஒரு மணிக்குக் கூட்டம் குறைந்திருந்தது. பள்ளியில் பெர்மிஷன் சொல்லிவிட்டு வந்த ஞானகுமாரி மகளுக்கு முன்பே போய் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தாள். இருமல் அதிகமாகித்தான் ஜாஸ்லின் போன் செய்து கிளினிக்குக்கு வரச் சொல்கிறாள் என்று நினைத்திருந்தாள். தகடு ஓட்டையான கதையைக் கேட்டபோது "ஓகோ" என்றாள்.

டாக்டர் ரேணுகா முதுகில் நாலு இடம், நெஞ்சில் நாலு இடம் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். நாடி பார்த்தார். கைகளை நீட்டச் சொன்னார். விரல்கள் இன்னும் லேசாக ஆடின.

"எத்தனை தடவை இழுத்தே?"

"எட்டு."

"எவ்வளவு நேரத்துக்குள்ள?"

"காலைல ஆறரையிலேர்ந்து ஒம்போதே முக்கா வரைக்கும்."

"இருமல் குறைஞ்சுதா?"

ஜாஸ்லின் யோசித்தாள். "இல்ல டாக்டர்."

"குறையாது" என்றார் டாக்டர். "சின்ன வயசுல வீசிங் இருந்துச்சா? ராத்திரி மூச்சு வாங்குதா? படி ஏறினா? எடை குறைஞ்சுதா? சளியில ரத்தம்?"

எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள்.

ஒரு சின்னக் குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார். மூன்று முறை ஊதினாள். முள் நன்றாக ஏறியது. "நல்லாதான் இருக்கு. ஆனா பம்ப் எடுத்துட்டு ஊதியிருக்கே. அதனால இத மட்டும் வெச்சு நான் முடிவு சொல்ல மாட்டேன். அடுத்த வாரம் பம்ப் இல்லாம வந்து ஊதிட்டுப் போ. இப்ப மூச்சுல எந்த இரைச்சலும் இல்ல. நெஞ்சு சுத்தமா இருக்கு."

"அப்போ ஏன் டாக்டரம்மா இருமல் நிக்கல?" என்றாள் ஞானகுமாரி.

"சளி புடிச்சா இருமல் ரெண்டு வாரம், மூணு வாரம்கூட இருக்கும்மா. தொண்டையில புண்ணு ஆறுறதுக்கு அவ்வளவு நாள் ஆகுது. இந்த பம்ப் இறுகிப்போன மூச்சுக்குழாயைத் திறந்து விடுற மருந்து. இவளுக்கு எதுவும் இறுகலியே, எதைத் திறக்கும்? இதை ஆராய்ச்சி பண்ணியே பாத்திருக்காங்க. ஆஸ்துமா இல்லாதவங்க, வீசிங் இல்லாதவங்க இருமலுக்கு இதை எடுத்தாலும் எடுக்காட்டியும் சரியாகுற நாள் கிட்டத்தட்ட ஒண்ணுதான். எடுத்தவங்களுக்குக் கை நடுக்கமும் படபடப்பும் மிச்சம்."

"அப்போ மருந்து?"

"வெந்நீர் குடிக்கட்டும். தேன் ஒரு ஸ்பூன் சாப்பிடட்டும். ரெண்டு வாரம் தாண்டினா டி.பி. இல்லைன்னு பாக்க சளி டெஸ்ட் எடுத்துடலாம், அதை மட்டும் விடக்கூடாது. ஜுரம் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ அன்னைக்கே வந்துடணும். நடுக்கம் இன்னும் ரெண்டு மூணு மணி நேரத்துல நின்னுடும்."

டாக்டர் கடிதம் எழுத ஆரம்பித்தார். பேனா ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"டாக்டரம்மா" என்றாள் ஞானகுமாரி. "எங்க ஊட்டுக்காரரு நுரையீரல் கெட்டுப்போயி செத்துட்டாரு. கடசி நாலு மாசந்தான் இந்த பம்ப்பு குடுத்தாங்க. இத ரெண்டு வருசம் முன்னாடியே குடுத்திருந்தா இருந்திருப்பாரா?"

எட்டு மாதத்தில் முதல் முறையாக அதை வெளியே சொல்கிறாள். ஏதோ ரேஷன் கடையில் அரிசி வந்துவிட்டதா என்று கேட்கிற மாதிரி கேட்டாள். ஜாஸ்லின் திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "பீடி குடிப்பாரா?"

"முப்பது வருசம்."

"அவருக்கு இது தேவையான மருந்துதாம்மா. இவளுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்ல. ஆனா இந்த நீலம் அந்த நேரத்துக்கு மூச்ச லேசாக்கும், அவ்வளவுதான். உள்ள இருக்கிற நோயை நிறுத்தாது. பீடிய விடணும். டெஸ்ட் எடுக்கணும். தினமும் போடுற வேற மருந்து இருக்கு. அதெல்லாம் இல்லாம நீலத்தையே நம்பி ஓட்டினா, நல்லா இருக்கோம்னு ஆளு ஏமாந்துடுவார். ரெண்டு வருஷம் முன்னாடி டாக்டர்கிட்ட வந்திருந்தா இன்னும் கொஞ்சம் நாள் கிடைச்சிருக்கலாம். பம்ப் மட்டும் கிடைச்சிருந்தா, கிடைச்சிருக்காது."

ஞானகுமாரி தலையாட்டினாள். எதற்கு ஆட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

வெளியே வந்ததும் ஜாஸ்லின் அம்மாவின் தோளைத் தொட்டாள். "நீ இத மனசுல வெச்சுகினாம்மா இருந்தே? எங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கலியே."

"நேரமாச்சு. நீ கெளம்பு" என்றாள் ஞானகுமாரி. "அந்த பம்ப்பக் குடு. அவன்கிட்ட திருப்பிக் குடுத்துட்றேன்."

*

மூன்றரைக்கு மெடிக்கல் ஷாப்பில் பெனிட்டோ மட்டும் இருந்தான். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். ஞானகுமாரி கவுன்டர்மேல் நீல பம்ப்பை வைத்தாள்.

"இது வேணாமாம்."

"டெஸ்ட் இன்னாச்சு?"

அவள் சொன்னாள். கை ஆடியது, தகடு ஓட்டையானது, மறுபடி போயிருக்கிறாள். செய்தி வாசிப்பது போல வரிசையாகச் சொன்னாள். பெனிட்டோ இரண்டு கைகளையும் கவுன்டரில் ஊன்றிக்கொண்டான்.

"என்னாலயாம்மா?"

"நான்தான் இழு இழுன்னு சொன்னேன். உன்ன இன்னா சொல்றது." பிறகு, வேறு பேச எதுவும் இல்லாததால், டாக்டர் சொன்னதில் மிச்சம் இருந்ததையும் சொன்னாள். "உங்கப்பாவப் பத்திக் கேட்டேன். இந்த நீலத்தையே நம்பி ஓட்டினா ஆளு ஏமாந்துடுவாருன்னு சொன்னாங்க. உள்ள நோய் ஓடிகினே இருக்குமாம், வெளிய தெரியாதாம்."

பெனிட்டோவின் முகத்தில் ஏதோ மாறியது. ஸ்டூலில் உட்கார்ந்தான். ஒரு வாடிக்கையாளர் வந்து தலைவலி மாத்திரை கேட்டார். எடுத்துக் கொடுத்தான். அவர் போனார். அவன் மறுபடி உட்கார்ந்தான்.

"அம்மா. அப்பாவுக்கு நான் குடுத்துகினு இருந்தேன்."

"இன்னாத்த?"

"இதத்தான். அவரு பஸ்ல சாயறதுக்கு முன்னாடியே. ஒண்ணர வருசமா."

ரயில் ஒன்று ஸ்டேஷனை விட்டுக் கிளம்பியது. அது முழுதும் போய் முடியும்வரை ஞானகுமாரி நின்றாள்.

"மொதல்ல அவரே வந்து கேட்டாரு" என்றான் பெனிட்டோ. "படி ஏறினா மூச்சு வாங்குதுடா, ஏதாச்சும் குடுன்னாரு. டாக்டரப் பாருப்பான்னேன். டாக்டரப் பாத்தா கம்பெனிக்குத் தெரிஞ்சுடும், வண்டிய புடுங்கிடுவாங்கன்னாரு. தங்கச்சி படிப்பு முடியட்டும், அதுவரைக்கும் அம்மாகிட்ட சொல்லாதன்னாரு. மாசம் ஒண்ணு குடுத்தேன். அப்பறம் மாசம் ரெண்டு. வண்டிலயே வெச்சுப்பாரு. இழுத்தா சரியாயிடுதுன்னு சொல்வாரு. நானும் சரியாயிடுச்சுன்னுதான்..."

அவன் நிறுத்தினான்.

"நீ ஆஸ்பத்திரில அழுகாம நின்னுகினு இருந்தப்போ சொல்லலாம்னு பாத்தேன். முடியல. அப்பறம் ஒவ்வொரு நாளும் பாத்தேன். இன்னிக்குக் காலைல நீ இத வெச்சு அவள இழுன்னு சொன்னப்போகூட எனக்கு வாய் வரலம்மா."

ஞானகுமாரி அவனையே பார்த்தாள். இந்த முகத்தை இருபத்தெட்டு வருடமாகத் தெரியும். நெற்றியில் அந்த அம்மைத் தழும்பு எப்போது வந்தது என்றுகூடத் தெரியும். இப்போது அது யாரோ கவுன்டர் ஆள் முகமாக இருந்தது. கோபம் வரும் என்று காத்திருந்தாள். அதுவும் வரவில்லை.

புடவை முந்தானையைச் சரிசெய்துகொண்டு படி இறங்கினாள். பின்னாலிருந்து "அம்மா" என்று கூப்பிட்டான். அவள் லெவல் கிராசிங் வரை நடந்து, கேட் திறந்திருந்தும் நின்றாள். ஒருவர் ஹார்ன் அடித்த பிறகுதான் கடந்தாள்.

*

ஆறரைக்கு ஜாஸ்லின் வீட்டுக்குள் வந்தபோது சட்டைக் கையில் கரி அப்பியிருந்தது. செருப்பைக் கழற்றவில்லை.

"அம்மா! கெடச்சுட்ச்சு!"

ஞானகுமாரி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். விளக்குப் போடவில்லை. ஜாஸ்லின் போட்டாள்.

"லெட்டர படிச்சுட்டு ஃபோர்மேன் ஒண்ணுமே சொல்லலம்மா. கைய நீட்டுன்னாரு. நீட்டினேன். ஆடல. தகடு குடுத்தாரு. நடுவுல ரெண்டு வாட்டி இருமல் வந்துச்சு, டார்ச்ச நிறுத்திட்டு இருமிட்டு மறுபடி வெச்சேன். அவரு தடவிப் பாத்துட்டு, 'இருமினா இருமிட்டுப் போ, மருந்த மட்டும் சும்மா இழுக்காத'ன்னாரு. திங்கக்கெழம சேரச் சொல்லிட்டாங்க. அடுத்த வாரம் ஊதற டெஸ்ட் ரிப்போர்ட்டும் குடுக்கணும், அவ்ளோதான்."

சொல்லி முடித்ததும் இருமினாள். நாலு முறை. ஞானகுமாரி அசையவில்லை.

"சந்தோஷம்டி" என்றாள். "ரசம் வெச்சுகீறேன். சூடா குடி."

"அவ்ளோதானா?" ஜாஸ்லின் சிரித்தாள். பிறகு சிரிப்பு தானாகவே சுருங்கியது. எட்டு மாதமாக அம்மாவின் முகம் இப்படித்தான் இருக்கிறது. ஆனாலும் இன்று அதில் ஏதோ கூடுதலாக இருந்தது. "அண்ணன் வரலியா இன்னும்? ஆறு மணிக்கு வந்துடுவானே. அவன நல்லா நாலு கேள்வி கேக்கணும். பம்ப் குடுக்குற மூஞ்சப் பாரு."

"வரமாட்டான்."

"ஏன்? கடையில ஆள் இல்லியா?"

"போன் பண்ணான். நான்தான் சொன்னேன், இந்த ஊட்டுக்கு வராதன்னு."

ஜாஸ்லின் புரியாமல் நின்றாள். "எனக்கு டெஸ்ட் கெட்டுப்போச்சுன்னா? அதான் சரியாயிட்ச்சேம்மா! அதுக்கு ஏன் அவன..."

"அதுக்கு இல்ல."

"பின்ன எதுக்கு?"

ஞானகுமாரி வாயைத் திறந்தாள். சொல்வதானால் எங்கிருந்து தொடங்குவது? உன் படிப்பு முடியவேண்டும் என்றுதான் உங்கப்பா வாயை மூடிக்கொண்டார் என்று ஆரம்பிக்கவேண்டும். வேலை கிடைத்த நாளில், செருப்பைக்கூடக் கழற்றாமல் நிற்கிற பெண்ணிடம். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"நீ சொல்லலன்னா நான் அவனயே கேக்கறேன்" என்று ஜாஸ்லின் போனை எடுத்தாள். பெயரை அழுத்தினாள்.

மணி அடிக்கும் சத்தம் போனில் கேட்டது. அதே நேரத்தில் வெளியிலும் கேட்டது. மூடிய வாசல் கதவுக்கு அந்தப் பக்கம், மிக அருகில், பெனிட்டோவின் போன் அடித்துக்கொண்டிருந்தது. யாரும் அதை எடுக்கவில்லை. யாரும் கதவைத் தட்டவுமில்லை.

ஜாஸ்லின் கதவைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

திற என்று ஞானகுமாரி சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.